ஏர் ஃபிரையரில் றாலும் வெண்ணெய்ப்பழமும்: ஒன்றாகப் போடலாமா?

கேள்வி, 5 ஜூன் 2024

மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். ஏர் ஃபிரையர் (சூட்டுக் காற்றில் வேக வைக்கிற பெட்டி) வாங்கி ஒரு மாசம் ஆகிறது. றாலையும் (இறால்) அவகாடோ என்கிற வெண்ணெய்ப்பழத்தையும் துண்டு போட்டு, மசாலா புரட்டி, ஒன்றாகக் கூடையில் போட்டு 200 டிகிரியில் 12 நிமிஷம் வைத்தால் போதும், வயிற்றுக்கும் லேசு என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். யாராவது செய்து பார்த்தீர்களா? நம்ம ஊர் றாலுக்கு இது சரிப்படுமா?

6 ஜூன் 2024, இரவு

ஒன்றாகப் போடாதீர்கள். இன்று மாலை நீங்கள் எழுதியபடியே செய்தேன். றால் வட்டமாகச் சுருண்டு ரப்பர் மாதிரி ஆகிவிட்டது. பழம் வெளியே பழுப்பு, உள்ளே சாம்பல் கலந்த பச்சை, வாயில் வைத்தால் கசப்பு. பச்சைப் பாகற்காயைக் கடித்தது போல நாக்கின் அடியில் போய் நிற்கிற கசப்பு. பழம்தான் கெட்டதோ என்று, மூடி வைத்திருந்த மீதிப் பாதியை எடுத்து ருசி பார்த்தேன். அது நன்றாகவே இருந்தது, நெய் மணத்தோடு. ஆக, கசப்பு சூட்டினால் வந்தது.

யாருக்காக இதைச் செய்கிறேன் என்றும் சொல்லிவிடுகிறேன், பின்னால் எழுதுவது புரிய அது வேண்டும். என் அம்மைக்கு 68 வயது. கடியப்பட்டணத்தில் பிறந்தவள், முப்பது வருஷம் கடவத்தில் மீன் சுமந்து திங்கள்சந்தையில் விற்றவள். இரண்டு வருஷம் முன்பு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தார்கள். எண்ணெயில் முக்கிப் பொரித்ததை டாக்டர் நிறுத்தச் சொல்லிவிட்டார். குழம்பு மீன் தின்பாள், அவியல் மீன் தின்பாள். ஆனால் பொரித்த மீன் இல்லாத ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு ஞாயிற்றுக்கிழமை இல்லை. அந்த மொறுமொறுப்பில் கொஞ்சமாவது திருப்பிக் கொடுக்கலாம் என்றுதான் நாகர்கோவிலில் இந்தப் பெட்டியை வாங்கினேன்.

இன்றைக்குச் செய்ததை ஒரு துண்டு தின்றாள். "றாலுக்க சீவன் போயிட்டு மக்களே" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. தட்டை நகர்த்தி வைத்துவிட்டுப் பழங்கஞ்சி குடித்தாள்.

6 ஜூன் 2024, கொஞ்ச நேரம் கழித்து

சொல்ல விட்டது: இன்றைக்கு வாங்கியது கடல் றால் இல்லை. வெனாமி என்ற வளர்ப்பு றால், ஐஸில் உறைந்து வந்தது. இப்போது நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் இரண்டு பக்கமும் விசைப்படகு ஓடவில்லை. சின்னமுட்டத்துக்குக் கிழக்குக் கடற்கரை மீன்பிடித் தடை, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணத்துக்கு மேற்குக் கடற்கரைத் தடை, ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஒரே மாவட்டத்துக்கு இரண்டு கணக்கு. ஜூன் முதல் இரண்டு வாரம் இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று விழுகிறது. வள்ளமும் கட்டுமரமும் போகலாம், ஆனால் கடல் அடிக்கிற நாளில் அதுவும் இல்லை. உறைந்த றால் உருகும்போது நிறைய நீர் விடும். கூடையில் அது பொரியவில்லை, தன் நீரிலேயே வெந்தது. பாதிக் குற்றம் அதனுடையது.

9 ஜூன் 2024

பழம் பழுத்ததா என்று எப்படிப் பார்ப்பது என்று கேட்டவருக்கு.

வெண்ணெய்ப்பழம் மரத்தில் பழுக்காது. முற்றியதைப் பறித்த பிறகுதான் பழுக்கத் தொடங்கும். கடையில் கல் மாதிரி இருந்தால் பயப்பட வேண்டாம், வாங்கலாம். ஆனால் அறுத்துவிட்டால் அதன்பின் ஒழுங்காகப் பழுக்காது, அது மட்டும் நினைவில் இருக்கட்டும். பழுக்க வைக்க நம்ம ஊரிலேயே வழி இருக்கிறது. நன்றாகப் பழுத்த இரண்டு மட்டி வாழைப்பழத்தோடு துணிப்பையில் கட்டி வைத்தேன். வாழைப்பழம் விடுகிற எத்திலீன் வாயு மற்றக் காயையும் பழுக்க வைக்கும். பைக்குள்ளே வைத்தால் அது சிதறாமல் நிற்கும். கல்லாக இருந்த பழம் மூன்றாம் நாள் இளகியது. செந்துளுவன் வாழையும் இதே வேலையைச் செய்யும், ஆனால் மட்டி சீக்கிரம் பழுத்துத் தோல் கறுக்கிற இனம் என்பதால் எனக்கு அதுதான் கை கொடுக்கிறது. (மட்டிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊரைவிட்டு வெளியே யாருக்கும் தெரியாமல் இருந்த பழம். எனக்கு அதில் இப்போதும் சந்தோஷம்.)

பழுத்தது தெரிய, விரல் நுனியால் குத்தாதீர்கள், குத்திய இடம் கறுக்கும். உள்ளங்கையில் வைத்து மெல்லப் பொத்திப் பாருங்கள். காம்புப் பொட்டைத் தள்ளினால் லேசாகக் கழன்று, அடியில் பச்சையாக இருந்தால் அறுக்கலாம். பழுப்பாக இருந்தால் உள்ளேயும் அப்படித்தான்.

இங்கே கிடைப்பது இரண்டு வகை. பச்சைத் தோல், வழுவழுப்பு, பெரிது, நீர் கொஞ்சம் கூடுதல்: அது பழனி மலையின் கீழ்ப்பகுதியிலிருந்து வருவது. அங்கே தடியன்குடிசையில் வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, அவர்கள் வெளியிட்ட டி.கே.டி. 1 என்ற ரகமே உண்டு. இன்னொன்று சின்னது, முரட்டுத் தோல், பழுத்தால் கருப்பாகும் ஹாஸ். கலிபோர்னியாவில் ருடால்ப் ஹாஸ் என்ற தபால்காரர் வளர்த்து 1935-ல் காப்புரிமை எடுத்த மரத்தின் வழி வந்தது. ஹாஸில் நெய்ப்பு அதிகம், விலையும் அதிகம். றாலோடு சாப்பிட எனக்கு அந்தப் பழனி மலைப்பழம்தான் பிடித்திருக்கிறது. அதன் நீர்ப்பதம் றாலை அமுக்காது.

10 ஜூன் 2024

புகை. செக்குத் தேங்காய் எண்ணெயை றாலில் தாராளமாகப் புரட்டி 200-ல் வைத்தேன். நாலாம் நிமிஷம் அடுக்களை முழுக்கப் புகை. செக்கு எண்ணெய் சுமார் 175 டிகிரியிலேயே புகைய ஆரம்பிக்கும். கூடையின் அடித்தட்டில் ஒழுகியதுதான் முதலில் கருகியது. பெட்டியை நிறுத்தி, ஆறவிட்டுத் தட்டைக் கழுவினேன். அம்மை அடுப்படியிலிருந்து எழுந்து போகவில்லை, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள்.

13 ஜூன் 2024

முதல் குறிப்பைத் திருத்துகிறேன். 200 டிகிரிச் சூட்டைக் குறை சொன்னது முழுக்கச் சரியில்லை. தவறு பெரும்பாலும் 12 நிமிஷத்தின் மேல்தான்.

நாலு தடவை செய்துவிட்டேன், எல்லாம் அதே உறைந்த றால். கிலோவுக்கு நாற்பது நிற்கிற அளவு. இப்போது செய்வது இது. ராத்திரியே குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து உருக விடுகிறேன். தோல் உரித்து, குடல் நீக்கி, கழுவி, பழைய பருத்தித் துணியில் பரப்பி ஒற்றி எடுக்கிறேன். துணி நனைவது நின்ற பிறகுதான் மசாலா. ஒரு சிட்டிகை மஞ்சள், நல்லமிளகுப் பொடி, மிளகாய் வத்தல் பொடி, உப்பு, ஒரு தேக்கரண்டி அரிசி மாவு, அரைத் தேக்கரண்டி எண்ணெய். மாவைத் தண்ணீரில் கரைத்துத் தோய்த்தால் ஓட்டை வழியாக ஒழுகிவிடும். சட்டி எண்ணெயில் மாவு விழுந்த கணமே இறுகும், இங்கே வெறும் காற்றுதான். ஆகவே உலர்ந்த மாவைத் தூவிப் பிசிறினால் போதும்.

இந்தப் பெட்டிக்குள் நடப்பது பொரிப்பு இல்லை. மேலே கம்பிச் சுருள் காய்கிறது, அதற்கு மேலே விசிறி சுற்றுகிறது, சூட்டுக் காற்று மீனைச் சுற்றி அடிக்கிறது. காற்று அடிக்கிற சின்ன அடுப்பு, அவ்வளவுதான். மீனின் மேல் ஈரம் இருக்கும் வரை அந்த ஈரத்தை விரட்டுவதிலேயே சூடு செலவாகும். அதுவரை சிவக்காது. கூடையில் குவித்தால் காற்று நுழைய இடமில்லை, நீராவிதான் மிஞ்சும். ஒன்றோடொன்று தொடாமல் ஒரே வரிசை. எனக்கு ஒரு தடவைக்கு 14 றால்தான் கொள்ளும். இரண்டு தடவை வையுங்கள், அவசரப்படாதீர்கள்.

வெறும் கூடையை 3 நிமிஷம் சூடாக்கிய பிறகு றால். 180 டிகிரி, 6 நிமிஷம், மூன்றாம் நிமிஷம் ஒருதரம் திருப்ப வேண்டும். 180-ல் தேங்காய் எண்ணெய் அரைத் தேக்கரண்டி அளவில் புகையவில்லை. றால் தூண்டில் முள் போல வளைந்தால் வெந்துவிட்டது. தலையும் வாலும் தொட்டு வளையமானால் கடந்துவிட்டது. சூடு அளக்கிற கம்பி வைத்துப் பார்க்கிறவர்களுக்கு, நடுச்சதை 63 டிகிரி தொட்டால் எடுத்துவிடலாம். நான் கண்ணால்தான் பார்க்கிறேன்.

இன்னொன்று. எலுமிச்சைச் சாற்றை முன்பே ஊற்றி ஊறப் போடாதீர்கள். புளிப்பு பட்டால் சதை அடுப்பில்லாமலே வெளுத்து இறுக ஆரம்பிக்கும். அதன் மேல் சூடும் பட்டால் இரண்டு தரம் வெந்த கணக்கு.

16 ஜூன் 2024, காலை

நேற்று சின்னமுட்டம் படகுகள் இறங்கின. அங்குள்ள படகுகள் காலையில் போய் ராத்திரி திரும்புகிறவை, ஆழ்கடலில் நாள்கணக்கில் தங்குகிறவை அல்ல. அதனால் வருவது பழசாக இருக்காது. இன்று வடசேரி சந்தைக்கு அம்மையைக் கூட்டிக்கொண்டு போனேன். ஸ்டென்ட் வைத்த பிறகு அவள் சந்தைக்கு வருவது இதுதான் முதல் தரம்.

மூன்று பேரிடம் பார்த்தாள், வாங்கவில்லை. தலையைப் பிடித்து லேசாக ஆட்டிப் பார்க்கிறாள். தலை தொளதொளத்தால் வேண்டாம். தலைக்கும் உடலுக்கும் நடுவே கறுப்பு ஓடியிருந்தால் வேண்டாம். நாலாவது ஆளிடம் நின்றாள். "லே, ஐசு போட்டியா, இல்ல தண்ணி தெளிச்சியா?" என்று கேட்டாள். அந்த ஆள் அவளை அடையாளம் கண்டுகொண்டு, "பெரியம்மா, உங்ககிட்ட நான் சொல்லணுமா" என்று அடியிலிருந்து அள்ளிக் கொடுத்தான்.

றால் கறுப்பதைப் பற்றி ஒன்று. அழுகியதால் மட்டும் வருகிற கறுப்பு இல்லை அது. றாலின் உடலில் இருக்கிற பாலிஃபீனால் ஆக்ஸிடேஸ் என்ற நொதி, பிடித்த பிறகு காற்றில் இருக்கிற பிராணவாயுவோடு சேர்ந்து கறுப்பு நிறத்தை உண்டாக்குகிறது. அறுத்த வெண்ணெய்ப்பழம் கறுப்பதும் இதே வகை நொதியால்தான். கடல் உயிர் ஒன்று, மலை மரத்துப் பழம் ஒன்று, இரண்டுக்கும் வருகிற நோய் ஒன்று, மருந்தும் ஒன்று: குளிர்ச்சி, புளிப்பு, காற்றுப் படாமல் மூடுதல். இதைத் தெரிந்துகொண்டது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. அம்மை றாலுக்கு ஐஸைச் சரிபாதி போடச் சொல்வதும், நான் பழத்தில் எலுமிச்சை பிழிவதும் ஒரே சண்டை.

16 ஜூன் 2024, இரவு

இன்றைக்குத்தான் விஷயம் பிடிபட்டது. பிடித்துக் கொடுத்தது அம்மை.

பழத்தை எப்போது சேர்ப்பது என்று நான் தடுமாறிக்கொண்டிருந்தேன். கடைசி 2 நிமிஷம் கூடையில் போட்டுப் பார்த்தேன், கசக்கவில்லை, ஆனால் மணம் போய்விட்டது, வாயில் வழவழப்பு மட்டும் மிஞ்சியது. அம்மை பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள்: "தலைப்பால கொதிக்க விடுவியா? அடுப்ப அணச்சிட்டுத்தானே ஊத்துவ. இதுவும் அதுக்க இனம் மக்களே. தீயில போடாண்டாம், கேட்டியா?"

அவ்வளவுதான். இந்தப் பழத்துக்கு நம்ம சமையலில் இடம் எது என்று நான் தேடியது தப்பான இடத்தில். மீனோடு வேகிற காய் மாதிரி அதை நினைத்தேன். அது செய்வது தேங்காயின் வேலை. காரத்தை ஆற்றுகிறது, மீனுக்கு நெய்ப்புக் கொடுக்கிறது. தேங்காய்ப்பாலை எப்படி நடத்துகிறோமோ அப்படி நடத்த வேண்டும். இரண்டாம் பாலில் வேக விடுகிறோம், தலைப்பாலை இறக்கிய பிறகு ஊற்றுகிறோம், கொதித்தால் திரிந்துவிடும் என்று. அவியலுக்குப் பச்சைத் தேங்காய் எண்ணெயைக் கடைசியில் சுற்றி விடுவதும் அதனால்தான். சூட்டுக்குப் பிறகு வர வேண்டியதைச் சூட்டுக்கு முன்னால் கொண்டுபோனது என் தவறு, அந்த வீடியோவின் தவறும்.

பழத்தைத் துண்டு போட்டு, பொடியாக அரிந்த சின்ன உள்ளி (சின்ன வெங்காயம்), பச்சை மிளகாய், உப்பு, எலுமிச்சைச் சாறு சேர்த்துத் தட்டில் பரப்பி, மேலே சுடச்சுட றாலை வைத்தேன். றாலின் சூட்டில் பழம் வெதுவெதுப்பானது, வேகவில்லை. அம்மை ஒன்பது றால் தின்றாள். எண்ணிக்கொண்டே இருந்தேன்.

22 ஜூன் 2024

"லேசு" என்ற சொல்லைப் பற்றி. இரண்டு பேர் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறீர்கள்: பழமே கொழுப்பாயிற்றே, பிறகு எப்படி லேசு?

கேள்வி சரியானது. 100 கிராம் வெண்ணெய்ப்பழச் சதையில் சுமார் 160 கலோரி, 15 கிராம் கொழுப்பு. பெரிய மலைப்பழம் ஒன்றில் 200 கிராம் சதைக்கு மேல் வரும். முழுப் பழத்தையும் ஒருவரே தின்றால் 30 கிராம் கொழுப்பு உள்ளே போகிறது, அது இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய்க்கு மேல். எண்ணெயில் பொரிக்கவில்லை என்று சொல்லிக்கொண்டு அவ்வளவையும் தின்றால் கணக்கு சரியாகாது. நான் முதல் வாரம் அம்மைக்குப் பாதிப் பழம் வைத்துக்கொண்டிருந்தேன், இப்போது கால் பழம்தான்.

ஆனால் கொழுப்பில் வகை உண்டு. இதில் பெரும்பகுதி ஒலியிக் அமிலம், ஆலிவ் எண்ணெயில் இருப்பது. தேங்காய் எண்ணெயில் எண்பது சதவீதத்துக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு. நெஞ்சு நோயாளிக்கு டாக்டர்கள் குறைக்கச் சொல்வது அதைத்தான். பழத்தில் 100 கிராமுக்கு 7 கிராம் அளவு நார்ச்சத்தும் இருக்கிறது. வெந்த றால் 100 கிராமில் கலோரி நூறுதான், புரதம் 24 கிராம், கொழுப்பு அரைக் கிராமும் இல்லை. றாலில் கொலஸ்ட்ரால் உண்டு என்பதையும் மறைக்கக் கூடாது, அதே 100 கிராமில் 190 மில்லிகிராம் அளவு வரும். அம்மையின் டாக்டரிடம் கேட்டேன், வாரம் ஒரு தரம், கைப்பிடி அளவு என்றால் சரி என்றார். அது அம்மைக்குச் சொன்னது. உங்கள் வீட்டுக்கு உங்கள் டாக்டரைக் கேளுங்கள்.

நான் லேசு என்று சொல்வது தின்ற பிறகு அவள் எப்படி இருக்கிறாள் என்பதை வைத்து. சட்டியில் பொரித்த மீன் தின்ற நாளில் மத்தியானம் மூன்று மணி வரை நெஞ்சைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். இதைத் தின்றுவிட்டுத் துணி மடித்தாள்.

23 ஜூன் 2024

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு ஒரு சொல். இந்தப் பழத்தில் பொட்டாசியம் அதிகம், 100 கிராமில் 485 மில்லிகிராம் அளவு. பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லியிருந்தால் கேட்காமல் தொடாதீர்கள்.

30 ஜூன் 2024

குலசேகரத்திலிருந்து ஒரு சகோதரர் எழுதியது என்னைக் கவலைப்பட வைத்துவிட்டது. நான் எழுதியபடி செய்து தின்றிருக்கிறார். உதடும் தொண்டையும் அரித்ததாம். றால் அவருக்குப் பழக்கம், எப்போதும் ஒன்றும் செய்ததில்லை. பல வருஷமாக ரப்பர் பால் வெட்டுகிற வேலை, கையில் பால் பட்டால் தடிக்கும் என்றும் சொல்கிறார்.

அண்ணே, பழத்தை நிறுத்துங்கள், டாக்டரிடம் இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். ரப்பர் பாலில் இருக்கிற சில புரதங்களும் வெண்ணெய்ப்பழம், வாழைப்பழம், கிவி போன்றவற்றில் இருக்கிற சில புரதங்களும் ஒன்றுபோல இருக்கும். ரப்பர் பால் ஒத்துக்கொள்ளாத உடம்புகளில் சிலவற்றுக்கு இந்தப் பழங்களும் ஒத்துக்கொள்ளாது. மருத்துவத்தில் தெரிந்த விஷயம்தான், ஆனால் நம்ம ஊர்ச் சமையல் குறிப்பு எதிலும் யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. தமிழ்நாட்டில் ரப்பர் என்றாலே நம்ம மாவட்டம். குலசேகரம், அருமனை, பேச்சிப்பாறை, கீரிப்பாறை பக்கம் இதைப் படிக்கிறவர்கள் யாருக்காவது ரப்பர் கையுறை போட்டால் அரிப்பு வரும் என்றால், முதல் தடவை கொஞ்சமாக என்றுகூடப் பார்க்க வேண்டாம், கேட்டுவிட்டுத் தின்னுங்கள். மூச்சு முட்டினால் வீட்டில் இருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

றாலே ஒத்துக்கொள்ளாதவர்கள் உண்டு, வேக வைத்தாலும் அந்த ஒவ்வாமை போகாது. அப்படி ஒருவர் வீட்டில் இருந்தால் கூடையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் வேறு எதையும் அதில் வைக்காதீர்கள்.

சகோதரருக்காக நான் இனி இதைப் பழமில்லாமல் எழுதிப் பார்க்கிறேன். இளந்தேங்காயை வழித்து, உள்ளி மிளகாயோடு அதே மாதிரி. இன்று மத்தியானம் செய்தேன், நன்றாக இருந்தது. அம்மை சொன்ன இனக் கணக்கு சரிதான்.

7 ஜூலை 2024

கணவாய். உறைந்தது. தோல்வி. வளையமாக அரிந்து, 180-ல் 6 நிமிஷம், றாலுக்குப் போட்ட அதே கணக்கு. செருப்பு வார்.

8 ஜூலை 2024

நேற்று கோபத்தில் எழுதினேன். கணவாய்ச் சதை றால் மாதிரி இல்லை. அதில் கொலாஜன் என்ற நார் அடுக்கு அடுக்காகப் பின்னிக் கிடக்கிறது. சூடு பட்டதும் அது சுருங்கி இறுகும். ஒன்று, இறுகுவதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும், இரண்டு மூன்று நிமிஷத்துக்குள். அல்லது குழம்பில் அரை மணிக்கு மேல் விட்டு, இறுகியது மறுபடி இளகும் வரை வேக விட வேண்டும். ஆறு நிமிஷம் என்பது இரண்டுக்கும் நடுவே இருக்கிற மோசமான இடம். நல்ல கணவாய் கிடைக்கிற வரை காத்திருக்கிறேன்.

14 ஜூலை 2024

பேச்சு எங்கோ போகிறது, பரவாயில்லை. இந்தப் பெட்டி எந்த நாட்டுக் கண்டுபிடிப்பு என்று மகன் கேட்டான். ஃபிரெட் வான் டெர் வெய் என்ற நெதர்லாந்துக்காரர் யோசித்தது, ஃபிலிப்ஸ் நிறுவனம் 2010-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. உடனே அவன், "குளச்சல்ல தோத்த டச்சுக்காரங்களா அம்மா?" என்றான். ஆமாம் மக்கா, அவர்கள்தான். 1741-ல் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படையிடம் தோற்றார்கள். பிடிபட்ட அவர்கள் படைத்தலைவர் டி லனோய் இங்கேயே தங்கித் திருவிதாங்கூர்ப் படையைப் பழக்கி, உதயகிரிக் கோட்டையிலேயே அடக்கமானார். அடுத்த ஞாயிறு அவனைப் புலியூர்க்குறிச்சிக்குக் கூட்டிப்போய் அந்தக் கல்லறையைக் காட்டப் போகிறேன். திரும்பி வந்து அவர்கள் நாட்டுப் பெட்டியில் நம்ம கடல் மீன்.

4 ஆகஸ்ட் 2024

தடை முடிந்தது. குளச்சலில் ஊசிக்கணவாய் வந்திருக்கிறது. தோல் மேல் செந்நிறப் புள்ளிகள் கலையாமல், தொட்டால் நிறம் ஓடுகிற பதத்தில். மழைக்காலம் முடிகிற இந்த மாதங்களில்தான் கணவாய் நன்றாக விழும்.

உள்ளே இருக்கிற கண்ணாடி போன்ற முள்ளை உருவி, மைப்பை உடையாமல் குடலை இழுத்து, தோலை உரித்து, உடலைப் பிளந்து விரித்து, உள்பக்கம் கத்தி நுனியால் குறுக்கும் நெடுக்கும் லேசாகக் கீறினேன். கீறினால் சூடு ஒரே சமயத்தில் எங்கும் ஏறும், சுருளவும் அழகாகச் சுருளும். துணியில் ஒற்றியது போதாது என்று அரை மணி குளிர்பெட்டியில் மூடாமல் வைத்தேன். எண்ணெய் போடவே இல்லை. கூடையை 200-ல் 5 நிமிஷம் வெறுமனே காய வைத்து, கணவாயைப் போட்டு மூன்றே நிமிஷம். எடுத்த பிறகு அரைத் தேக்கரண்டி பச்சைத் தேங்காய் எண்ணெய், இடித்த நல்லமிளகு.

பல்லுக்கு மெத்தென்று இருந்தது. சிவந்த நிறம் வரவில்லை, அது மூன்று நிமிஷத்தில் வராது, நான் அதை விட்டுவிட்டேன். சிவக்க வைக்கப் போனால் இறுகிவிடும். இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும் என்றால் எனக்கு மென்மை போதும்.

5 ஆகஸ்ட் 2024

அளவாக ஒரே இடத்தில் எழுதச் சொல்லிப் பல பேர் கேட்டதால். நாலு பேருக்கு. உரித்த றால் 400 கிராம், அல்லது சுத்தம் செய்த கணவாய் அதே அளவு. நடுத்தர மலைப்பழம் ஒன்று. சின்ன உள்ளி பத்து, பச்சை மிளகாய் இரண்டு, எலுமிச்சை ஒன்று. நல்லமிளகு ஒரு தேக்கரண்டி, அம்மியில் இடித்தது. மஞ்சள், வத்தல் பொடி, உப்பு கைக்கணக்கு. அரிசி மாவு றாலுக்கு மட்டும், கணவாய்க்கு வேண்டாம். எண்ணெய் மொத்தம் ஒரு தேக்கரண்டி. பழத்தை றால் உள்ளே போன பிறகு அறுங்கள், அந்த 6 நிமிஷம் போதும். முன்பே அறுத்து வைத்தால் கறுக்கும். என் பெட்டி 1400 வாட். உங்களுடையது பெரிதென்றால் ஒரு நிமிஷம் முன்பே திறந்து பாருங்கள்.

மீன் வேறு எது சரிப்படும் என்று கேட்டவருக்கு: நெய்மீன் (வஞ்சிரம்) துண்டு நன்றாக வரும், 180-ல் 9 நிமிஷம். நெத்தோலி பழமே இல்லாமல் மொறுமொறுவென்று தின்ன வேண்டியது. சாளையில் (மத்தி) இயல்பாகவே நெய் இருக்கிறது, எண்ணெய் இல்லாமலே தோல் சிவக்கும், ஆனால் அதற்குப் பக்கத்தில் வெண்ணெய்ப்பழம் வைத்தால் நெய்யோடு நெய், திகட்டுகிறது. சாளைக்கு மாங்காயும் உள்ளியும் போதும்.

18 ஆகஸ்ட் 2024

இன்று சோறு வைக்கவில்லை. மரச்சீனி (மரவள்ளிக் கிழங்கு) அவித்து, கணவாயும் பழமும் பக்கத்தில் வைத்தேன். கிழங்கு வாயில் ஒட்டும், தொண்டையில் அடைக்கும், அதற்குத்தான் குழம்பு ஊற்றித் தின்பது. பழம் அந்த வேலையைச் செய்துவிட்டது. மகன் இரண்டாம் தரம் கேட்டான். அம்மை கிழங்கை மசித்துப் பழத்தோடு பிசைந்து, கணவாயை மேலே வைத்து, கையால் உருட்டித் தின்றாள். பிறகு சொன்னாள், சிப்பி வரட்டும், சிப்பியை இப்படிச் செய்து தா என்று. கடியப்பட்டணத்துப் பாறையில் அவளுக்க அண்ணன் முங்கி எடுத்துவந்து கடற்கரையிலேயே சுட்டுக் கொடுத்த சிப்பியைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினாள். அந்த மாமா இப்போது இல்லை. இந்தப் பெட்டி வாங்கிய பிறகு அவள் இவ்வளவு பேசியது இன்றுதான்.

19 ஆகஸ்ட் 2024

5 ஆகஸ்ட் அளவில் ஒரு திருத்தம். எலுமிச்சை ஒன்று என்று எழுதியது அதிகம், அரை போதும். மீதி அரையைத் துண்டாக்கித் தட்டில் வையுங்கள், வேண்டியவர் பிழிந்துகொள்ளட்டும்.